உங்கள் அறிக்கை எந்த வடிவில் வந்து சேர்கிறது?

“ஆய்வகத்திலிருந்து அறிக்கையை அனுப்பிவிட்டார்களே, மருத்துவர் இன்னும் பார்க்கவில்லையா?” என்று வரவேற்பு மேசையில் அடிக்கடி கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அறிக்கை வந்து சேர்வது ஒன்று. அது எந்த வடிவில் வந்து சேர்கிறது என்பது வேறொன்று.

வெளி ஆய்வகத்தின் கணினிக்கும் எங்கள் கணினிக்கும் நடுவே இணைப்பு மென்பொருள் ஒன்று இயங்குகிறது. அஞ்சல் நிலையத்தில் கடிதத்தையும் பார்சலையும் பிரிப்பதைப் போல, வரும் செய்திகளை அது வகை பிரித்து உரிய இடத்தில் சேர்க்கிறது. மருத்துவமனைகள் பரவலாகப் பின்பற்றும் எச்.எல்.7 நெறிமுறையின் இரண்டாம் பதிப்பில், ஒவ்வொரு முடிவும் தன் வகையைச் சொல்லும் குறியீட்டுடன் வருகிறது. என்.எம். என்றால் எண், டி.எக்ஸ். என்றால் உரை, இ.டி. என்றால் பி.டி.எஃப். போன்ற இணைப்புக் கோப்பு. பெயர்தான் இடி, வருவதோ சத்தமில்லாமல்.

அந்தச் சத்தமின்மையே கவலைக்குரியது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு 1.8 என்று எண்ணாக வந்தால், கணினி அதைப் பழைய அளவுகளுக்கு அருகில் வைக்கும். இயல்பைக் கடந்திருந்தால் நிறம் மாற்றிக் காட்டும். அதே 1.8 இணைப்புக் கோப்புக்குள் வந்தால், கணினிக்கு அது ஒட்டிய உறை. யாரேனும் திறந்து படிக்கும்வரை அட்டவணையில் அந்த இடம் காலியாகவே இருக்கும்.

மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேனுக்காக வந்திருந்த பெரியவர் ஒருவருக்கு இப்படித்தான் நேர்ந்தது. அளவு கூடியிருந்தது, திரையிலோ ஒன்றும் தெரியவில்லை. கையில் தாளை வைத்திருந்த அவருடைய மகள், “இதைப் பார்த்தீர்களா?” என்று கேட்டதால் மருந்து செலுத்துவதற்கு முன்பே மருத்துவர் அறிந்துகொண்டார். அந்தக் கேள்வியை அவர் கேட்கும்படி நாங்கள் விட்டிருக்கக் கூடாது. இப்போது வெளியிலிருந்து வரும் இணைப்புகளை ஊழியர் ஒருவர் திறந்து, முக்கிய எண்களை அட்டவணையில் பதிகிறார். குறியும் உள்ளடக்கமும் பொருந்தாத செய்தியை மென்பொருள் ஊகித்துச் சேர்க்காமல் தனியே நிறுத்திவைக்கிறது. இதனால் சற்றுத் தாமதமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் படங்களுக்கு டைகாம் என்னும் தனி வடிவம் உண்டு. நோயாளியின் பெயரும் அடையாள எண்ணும் படத்துடன் ஒரே கோப்பில் பயணிக்கின்றன. சி.டி. படத்தில் வழக்கமாக 4096 சாம்பல் நிலைகள் இருக்கும். அவற்றை மாற்றி மாற்றி மருத்துவர் நுரையீரலையும் எலும்பையும் தனித்தனியே பார்க்கிறார். ஃபிலிமைக் கைப்பேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இந்த வசதி போய்விடுகிறது.

ஆகவே வெளியில் எடுத்த ஸ்கேனின் குறுந்தகட்டைக் கேட்டு வாங்கி வாருங்கள். இரத்தப் பரிசோதனைத் தாளை, “அனுப்பியாயிற்று” என்று பைக்குள் வைத்துவிடாமல், மருத்துவரின் மேசையில் வையுங்கள்.