சுரீரென்று வந்து மறையும் வலி

சுரீரென்று ஒரு குத்து. எங்கே என்று தொட்டுப் பார்ப்பதற்குள் மறைந்துவிடுகிறது. இந்த வேகம் நரம்பின் அமைப்பிலிருந்து வருவது. வலிச் செய்தியைக் கடத்தும் இழைகள் இரு வகை. மெல்லிய உறை போர்த்தவை நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் கடத்தும். முள் தைத்ததும் எழும் 'சுருக்' இவற்றால் வருவது. உறையற்றவை நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டுவதில்லை. பின்னால் வரும் காந்தல் அவற்றுடையது. நரம்பு அழுத்தப்பட்டாலோ உறை தேய்ந்தாலோ, காயம் எதுவும் இல்லாமலே அந்தச் 'சுருக்' கிளம்பும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் இடது மார்பில், விரல் நுனியால் காட்டக்கூடிய ஓரிடத்தில், ஊசி குத்துவதுபோல் வலித்துச் சில நொடிகளிலோ ஓரிரு நிமிடங்களிலோ விட்டுவிடுவதுண்டு. மூச்சை இழுத்தால் கூடும். 1955இல் மில்லர், டெக்ஸிடோர் என்ற இரு மருத்துவர்கள் விவரித்த இந்த வலி இதயத்தைச் சேர்ந்ததல்ல, ஆபத்தும் இல்லை. ஆனால் அந்த முடிவை மருத்துவர் ஒருமுறை பார்த்துச் சொல்வதே முறை.

முக நரம்பு வலி வேறு ரகம். பல் துலக்கும்போதும், சோறு மெல்லும்போதும், காற்றுப் பட்டாலும்கூடக் கன்னத்தில் மின்சாரம் பாய்ந்தாற்போல் வெட்டும். பல்வலி என்று நினைத்து நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்கள் உண்டு. இதற்கு முதலில் தரப்படும் மருந்து கார்பமசெபைன். ஆசிய வம்சாவளியினர் சிலருக்கு மரபணுக் காரணத்தால் அது தோலை உரித்தெடுக்கும் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். மாத்திரையைத் தொடங்குமுன் அதற்கான இரத்தப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேட்க நோயாளிக்கு முழு உரிமை உண்டு.

வலி சீக்கிரம் நின்றது என்பது மட்டுமே ஆறுதலுக்குக் காரணமாகாது. ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தை எட்டும் இடிபோன்ற தலைவலி மூளையில் இரத்தக்கசிவாக இருக்கலாம். தணிந்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆகவேண்டும். நீண்ட விமானப் பயணம் முடித்து வந்தவருக்கு மூச்சிழுக்கையில் விலாவில் குத்தினால், காலில் உறைந்த இரத்தக்கட்டி நுரையீரலை அடைத்திருக்கக் கூடும். நீரிழிவு உள்ளவர்களுக்கு மாரடைப்பு பெரிய வலியில்லாமலே வரக்கூடும். நெஞ்சு வலி கடுமையானாலோ, கூடிக்கொண்டே போனாலோ, 10 நிமிடம் நீடித்தாலோ ஆஸ்திரேலியாவில் 000ஐ அழைக்க வேண்டும். அவசரமில்லாத ஐயங்களுக்கு 1800 022 222 என்ற எண்ணில் செவிலியர் இரவும் பகலும் பேசுவார்.

வலியை மருத்துவமனையில் எப்படிச் சொல்கிறோம் என்பதும் முக்கியம். சிட்னியின் டூங்கபியில் தமிழ்நாட்டுத் தமிழும் ஈழத் தமிழும் அக்கம்பக்கத்தில் புழங்குகின்றன. ஒருவருக்கு 'வலி', மற்றவருக்கு 'நோ'. குத்து, உளைவு, கடுப்பு, குடைச்சல், எரிவு எல்லாம் தனித்தனி நோவுகள். அங்கிருந்து மூன்றாவது ரயில் நிலையமான வெஸ்ட்மீடில் உள்ள அவசரப் பிரிவில், அம்மம்மாவுக்காகப் பேசும் பேரன் அத்தனையையும் 'பெயின்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவான். 'வாயுக் குத்து' அவன் வாயில் 'கேஸ்' ஆகிவிடும். இதயத்தைச் சேர்ந்ததாகத் தோன்றும் நெஞ்சு வலியை 10 நிமிடத்துக்குள் கவனிக்க வேண்டும் என்பது ஆஸ்திரேலிய அவசரப் பிரிவுகளின் விதி. வரிசையில் எந்த இடம் என்பதை அந்த முதல் விவரிப்பே பெரிதும் தீர்மானிக்கிறது. ஆகவே பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பதை விட்டுவிட வேண்டும்.

நியூ சவுத் வேல்ஸ் பொது மருத்துவமனைகளில் மொழிபெயர்ப்பாளர் இலவசம். தேசிய மொழிபெயர்ப்புச் சேவையின் எண் 131 450. 000ஐ அழைப்பவர் 'ஆம்புலன்ஸ்', 'டமில்' என்று சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டிக்காமல் காத்திருந்தால் போதும். புரியும்படி விளக்கம் பெறும் உரிமையை 2019இல் திருத்தப்பட்ட ஆஸ்திரேலிய நலவாழ்வு உரிமைச் சாசனம் உறுதிசெய்கிறது. படுக்கையில் இருப்பவரின் நிலை மோசமாவதாகத் தோன்றினால் மாநில மருத்துவமனைகளின் 'ரீச்' திட்டத்தின்படி குடும்பத்தினரே அவசர மறுபரிசோதனை கோரலாம்.

ஆம்புலன்ஸ் கட்டணத்தை அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் ஏற்பதில்லை. ஓய்வூதியச் சலுகை அட்டை உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. இந்தியா, இலங்கையுடன் ஆஸ்திரேலியாவுக்குப் பரஸ்பர மருத்துவ ஒப்பந்தம் இல்லாததால், சுற்றுலா விசாவில் வரும் பெற்றோருக்குப் புறப்படுமுன்பே காப்பீடு எடுத்தாக வேண்டும். ஆம்புலன்ஸ் அதில் அடங்குமா, ஏற்கனவே உள்ள நோய்களுக்குப் பொருந்துமா என்பவற்றை எழுத்தில் பார்க்க வேண்டும். சிகிச்சையில் குறை நேர்ந்ததாகக் கருதுவோர் முதலில் மருத்துவமனையிடமும், பிறகு மாநில நலவாழ்வுப் புகார் ஆணையத்திடமும் முறையிடலாம்; ஆணையத்தில் புகார் செய்யக் கட்டணம் இல்லை.