தோட்டா தீர்ந்தால் குறி தவறுமா?

மாணவர்களே, 2022-ஆம் ஆண்டு இறுதியில் நம் நாட்டுக் கடைகளில் முட்டைக்குத் தட்டுப்பாடு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஒருவருக்கு இத்தனை தட்டுதான் என்று சில கடைகளில் எழுதி ஒட்டிவிட்டார்கள். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்னால் அமெரிக்கக் கடைகளிலும் இதே மாதிரி அறிவிப்புகள் தொங்கின. அங்கே தட்டுப்பாடு வந்தது முட்டைக்கு அல்ல, துப்பாக்கித் தோட்டாவுக்கு. அதிலும் மிகச் சிறியதும் மலிவானதுமான .22 தோட்டாவுக்கு.

2012 டிசம்பரில் கனெட்டிகட் மாநிலத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். இனித் துப்பாக்கிச் சட்டம் கடுமையாகும் என்று எண்ணிய மக்கள், கண்ணில் பட்ட தோட்டாவை எல்லாம் வாங்கிக் குவித்தார்கள். 2013-இல் .22 அலமாரிகள் காலி. ஓரிரு ஆண்டுகள் கழிந்தும் நிலைமை முழுதாகச் சீராகவில்லை. 2020-இல் கோவிட் பெருந்தொற்று வந்தபோது அதே கதை மறுபடியும் நடந்தது.

அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். புஞ்சாக் ஆலாமிலிருந்து அதிகத் தூரம் இல்லாத சுபாங்கில் தேசியத் துப்பாக்கிச் சுடும் அரங்கம் இருக்கிறது. 2017 சீ விளையாட்டின் சுடும் போட்டிகள் அங்கேதான் நடந்தன. 50 மீட்டர் ரைஃபிள் போட்டியில் உலகம் முழுவதும் பயன்படுவது இந்த .22 தோட்டாதான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றதும் அந்தப் போட்டியில்தான். போட்டித் தரத்தில் இந்தத் தோட்டாவைச் செய்யும் பெயர்பெற்ற நிறுவனங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்: இங்கிலாந்தின் ஈலி, ஜெர்மனியில் செய்யப்படும் ஆர்.டபிள்யூ.எஸ்., லப்புவா. எங்கோ ஒரு நாட்டில் மக்கள் பயந்தால், வேறு நாட்டில் பயிற்சி செய்யும் பதினாறு வயது வீராங்கனையின் பெட்டியும் காலியாகக்கூடும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு கடைக்கு வாரம் 100 பெட்டி தோட்டா வருகிறது. வாங்க வருபவர்களும் 100 பேர், ஆளுக்கு ஒரு பெட்டி. எல்லாம் சரியாக இருக்கிறது. ஒரு வாரம் அவர்களில் 25 பேருக்கு மட்டும் பயம் வந்து ஆளுக்கு 4 பெட்டி வாங்கிவிடுகிறார்கள். மீதி 75 பேர் வெறுங்கையோடு வீடு திரும்புகிறார்கள். தொழிற்சாலை ஒரு தோட்டாகூடக் குறைத்துச் செய்யவில்லை! அடுத்த வாரம் அந்த 75 பேரும் பயப்படுவார்கள். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அறிவிக்கப்பட்ட நேரத்தில் நம் பேரங்காடிகளில் ரொட்டி மறைந்ததும் இந்தக் கணக்கின்படிதான்.

ரொட்டியும் முட்டையும் விரைவில் திரும்பி வந்துவிட்டன. .22 தோட்டா ஏன் வரவில்லை? இங்கேதான் அறிவியல் வருகிறது.

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்கள், செம்பனைக் கன்றுகளைத் தோண்டிப் போடும் காட்டுப் பன்றிகளை விரட்டப் பயன்பட்ட வேட்டைத் துப்பாக்கியின் காலித் தோட்டாவைப் பார்த்திருக்கலாம். பிளாஸ்டிக் குழாய், அடியில் உலோகத் தகடு. அந்தத் தகட்டின் நடுவில் ஒரு சின்ன வட்டம் தெரியும். அது தனியாகச் செய்து செருகப்பட்ட ஒரு குட்டிக் கிண்ணம். தட்டினால் தீப்பொறி தரும் மருந்து அதற்குள் இருக்கிறது. துப்பாக்கியின் ஊசி அந்த வட்டத்தில் இடிக்கும், பொறி பறக்கும், உள்ளே இருக்கும் வெடித்தூள் எரிந்து வாயுவாகும், வாயு குண்டை உந்தித் தள்ளும். இதை நடுவெடித் தோட்டா எனலாம். இராணுவத் தோட்டாக்களும் இந்த வகைதான்.

.22 தோட்டாவின் அடியைப் பார்த்தால் நடுவில் வட்டமே இருக்காது. பித்தளைக் கூட்டின் அடி விளிம்பு வெளியே மடிந்து, உள்ளே ஒரு மெல்லிய பள்ளமாக நிற்கும். பொறி மருந்து அந்தப் பள்ளத்தில் சுற்றிலும் ஒட்டியிருக்கும். ஊசி விளிம்பில் அடித்து, அந்த மடிப்பை நசுக்கினால்தான் வெடிக்கும். ஆங்கிலத்தில் இதை 'ரிம்ஃபயர்' என்பார்கள், நாம் விளிம்புவெடித் தோட்டா என்போம். 1845-இல் பிரான்சின் ஃப்ளோபேர் செய்த, கூடத்துக்குள் பொழுதுபோக்காகச் சுடும் குட்டித் தோட்டாவிலிருந்து இந்த வகை வளர்ந்தது. இன்று நாம் காணும் .22 லாங் ரைஃபிள் 1887-இல் வந்தது. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அமைப்பு பெரிதாக மாறவில்லை.

இந்த விளிம்புதான் அதன் மலிவுக்குக் காரணம், அதன் தட்டுப்பாட்டுக்கும் காரணம். நடுவெடித் தோட்டாவில் வெடித்துமுடிந்த கிண்ணத்தை எடுத்துவிட்டுப் புதியது செருகலாம். சட்டம் அனுமதிக்கும் சில நாடுகளில், முறையான அனுமதியோடு பித்தளைக் கூட்டை மறுபடி நிரப்பிப் பயன்படுத்துகிறார்கள். விளிம்புவெடித் தோட்டாவில் அதற்கு வழியே இல்லை. ஒரு முறை நசுங்கிய விளிம்பு நசுங்கியதுதான். தீக்குச்சியை இரண்டு முறை கொளுத்த முடியாதது போல.

சரி, தொழிற்சாலை கூடுதலாகச் செய்யட்டுமே? பொறி மருந்தை ஈரப்பசையாக வைத்து, கூட்டுக்குள் இட்டு, வேகமாகச் சுழற்றி விளிம்புப் பள்ளத்துக்குள் பரவச் செய்வார்கள். காய்ந்துவிட்டால் லேசான உரசலுக்கே வெடிக்கக்கூடிய பொருள் அது. அதனால் இதற்கென்றே தனி எந்திரங்களும், பயிற்சி பெற்ற ஆட்களும், பாதுகாப்பான கட்டடங்களும் வேண்டும். நம் சிலாங்கூரின் பத்து ஆராங்கில் 5.56 மி.மீ. போன்ற இராணுவத் தோட்டா செய்யும் தொழிற்சாலை இருக்கிறது. ஆனால் நடுவெடித் தோட்டா செய்யும் எந்திர வரிசையை நாளைக்கே விளிம்புவெடிக்கு மாற்றிவிட முடியாது. பயத்தால் வந்த தேவை, பயம் தீர்ந்ததும் போய்விடும். ஒரு தோட்டாவில் கிடைக்கும் சில காசு இலாபத்துக்காக யார் புது ஆலை கட்டுவார்? அமெரிக்க ஆலைகள் இருந்த எந்திரங்களை இரவு பகலாக ஓட்டின. அதற்கு மேல் அவசரப்பட்டுக் கட்டவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

விளையாட்டு வீரருக்கு எண்ணிக்கை மட்டும் பிரச்சினை இல்லை. 50 தோட்டா ஒரு பெட்டி, பத்துப் பெட்டி சேர்ந்தால் 500. செங்கல் போல இருப்பதால் அதை 'பிரிக்' என்றே சொல்வார்கள். மூன்று நிலைப் போட்டியின் தகுதிச் சுற்றில் இப்போது 60 முறை சுட வேண்டும். ஆக ஒரு செங்கல் எட்டுச் சுற்றுக்கு வரும். குறி சரிபார்க்கச் சுடுவதைச் சேர்த்தால் அதற்கும் குறைவு.

அதைவிடப் பெரிய தலைவலி, தோட்டாக்கள் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பது. போட்டித் தோட்டா நொடிக்கு ஏறத்தாழ 330 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழே. வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள், ஒலித்தடையை ஒட்டி வரும் அதிர்வு குண்டை ஆட்டிவிடும் என்பதால். 50 மீட்டரைக் கடக்க அதற்கு ஏறக்குறைய 0.16 நொடி ஆகும். படிவம் 4 இயற்பியலில் படித்த ½gt² சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: அந்த நேரத்தில் குண்டு 12 செ.மீ. அளவுக்குக் கீழே விழுகிறது. துப்பாக்கியை அதற்கேற்பச் சற்று உயர்த்திக் குறி வைத்திருப்பார்கள். இப்போது இன்னொரு தோட்டா 3 விழுக்காடு மெதுவாகப் போனால்? நேரம் 3 விழுக்காடு கூடும், விழும் தூரம் 6 விழுக்காடு கூடும். அதாவது 7 மி.மீ. கீழே படும். இலக்கின் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டமே 10.4 மி.மீ. தான்!

அதனால் வீரர்கள் ஒரே தயாரிப்புத் தொகுதியைத் தேடுவார்கள். துப்பாக்கியைப் பிடிப்பானில் இறுக்கி, பல தொகுதிகளைச் சுட்டுப் பார்த்து, எது நெருக்கமாகப் படுகிறதோ அதையே மொத்தமாக வாங்குவார்கள். தட்டுப்பாட்டுக் காலத்தில் கிடைத்ததை வாங்க வேண்டியதுதான். 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஜோய்தீப் கர்மாகர் 50 மீட்டர் படுத்துச் சுடும் போட்டியில் நான்காவதாக வந்தார். வெண்கலம் தவறியது 1.9 புள்ளியில். இவ்வளவு நெருக்கமான விளையாட்டில் 7 மி.மீ. என்றால் என்ன என்று நீங்களே யோசியுங்கள்.

அப்படியானால் தோட்டா இல்லாதபோது என்ன செய்வது? சுடாமலேயே சுடுவது! இதற்கு 'டிரை ஃபயரிங்' என்று பெயர். காலித் துப்பாக்கியோடு நிற்பது, மூச்சை அடக்குவது, குறி வைப்பது, விசையை அழுத்துவது, அழுத்திய பிறகும் அசையாமல் இருப்பது. எல்லாம் உண்டு, வெடிப்பு மட்டும் இல்லை. தோட்டா நிறைய இருக்கும் காலத்திலும் பெரிய வீரர்கள் இதை விடுவதில்லை. காரணம் எளிது. குழலின் முனை 0.1 மி.மீ. விலகினால், ஒரு மீட்டர் நீளத்துக்குக் கணக்கிட்டால், 50 மீட்டர் தள்ளி அது 5 மி.மீ. ஆகிவிடும். ஒரு தலைமுடியின் தடிமன் அளவு அசைவு அது. அந்த அசைவைக் கட்டுப்படுத்துவது விசையை அழுத்தி முடிப்பதற்குள் நடக்கும் வேலை. அதற்கு வெடித்தூள் தேவையில்லை.

ஆனால் இங்கேயும் அந்த விளிம்பு குறுக்கே வருகிறது. நடுவெடித் துப்பாக்கியில் தோட்டா இல்லாமல் விசையை அழுத்தினால் ஊசி வெற்றிடத்தில் பாயும். .22-இல் ஊசி ஓரத்தில் இருப்பதால், தோட்டா இல்லாவிட்டால் அறையின் உலோக விளிம்பிலேயே இடித்து இரண்டும் தேயக்கூடும். அதனால் பிளாஸ்டிக் பொய்த்தோட்டா வைக்கிறார்கள். அமெரிக்காவில் சிலர் சுவரில் ஸ்குரூ பிடிக்கச் செருகும் மஞ்சள் பிளாஸ்டிக் பிளக்கை இதற்குப் பயன்படுத்துகிறார்கள், அளவு ஏறத்தாழப் பொருந்திவிடுவதால். நல்ல போட்டித் துப்பாக்கிகளில் ஊசி இடிக்காமல் விசை மட்டும் 'டிக்' என்று விழும் ஏற்பாடு உண்டு. குழலில் ஓர் உணரியைப் பொருத்தி, குறி எப்படி அலைந்தது என்று கணினித் திரையில் கோடாகக் காட்டும் கருவிகளும் வந்துவிட்டன.

இன்னொரு வழி காற்றுத் துப்பாக்கி. வெடித்தூளும் இல்லை, பொறி மருந்தும் இல்லை. அழுத்தப்பட்ட காற்று அரை கிராம் ஈயக் குண்டைத் தள்ளும். 0.53 கிராம், நொடிக்கு 170 மீட்டர் என்று ½mv²-இல் போட்டால் 7.7 ஜூல் வரும். .22 குண்டுக்கு 2.6 கிராம், 330 மீட்டர்: 140 ஜூலைத் தாண்டும். ஆற்றலில் பதினெட்டு மடங்கு வித்தியாசம். ஆனால் திறமையில் குறைந்தது என்று எண்ண வேண்டாம். 10 மீட்டர் காற்று ரைஃபிளில் பத்துப் புள்ளி என்பது வெறும் 0.5 மி.மீ. புள்ளி. 1984-இலிருந்து இது ஒலிம்பிக் போட்டி. 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது இதில். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவிலும் பாரிசிலும் சுட்டதும் இதில். நம் நூர் சூர்யானி தைபி 2012 இலண்டனில் எட்டு மாதக் கர்ப்பிணியாக நின்று சுட்டதும் இதில்தான்.

இவை எல்லாம் போதுமா? போதாது. காற்று பக்கவாட்டில் வீசும்போது குண்டு எவ்வளவு விலகும், சுட்டபின் துப்பாக்கி எப்படி உதைக்கும் என்பதை உண்மைத் தோட்டாதான் கற்றுத்தரும். கையில் 50 தோட்டா மட்டும் இருந்தால், அமைதியான நாளில் சுட்டுத் தீர்க்காமல் காற்று வீசும் நாளுக்கு வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

ஒன்றை மறக்காதீர்கள். நம் நாட்டின் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் காற்றுத் துப்பாக்கியும் ஆயுதம்தான். உரிமம் இல்லாமல் ஒரே ஒரு தோட்டா வைத்திருந்தாலும் குற்றம். தோட்டத்திலோ ஆற்றங்கரையிலோ பழைய தோட்டா எதையாவது கண்டால் தொடாதீர்கள், தட்டிப் பார்க்காதீர்கள், போலீசில் சொல்லுங்கள்.

துப்பாக்கியே இல்லாமல் நீங்கள் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. ஒரு மீட்டர் கோலின் முனையில் மார்க்கர் பேனாவைக் கட்டுங்கள். சுவரில் வரைபடத்தாளை ஒட்டி, நடுவில் ஒரு புள்ளி இடுங்கள். கோலைத் தோளோடு அணைத்துப் பிடித்து, பேனா முனை புள்ளியை லேசாகத் தொடும்படி 20 நொடி நில்லுங்கள். தாளில் விழும் கிறுக்கலின் அகலத்தை மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள். பிறகு முழங்கையை இடுப்பில் ஊன்றி ஒரு முறை, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி ஒரு முறை, திடலை ஒரு சுற்று ஓடிவிட்டு வந்து ஒரு முறை செய்யுங்கள். நான்கு அகலங்களையும் 50-ஆல் பெருக்கினால், 50 மீட்டருக்கு அப்பால் உங்கள் குறி எவ்வளவு அலைந்திருக்கும் என்பது தோராயமாகத் தெரியும்.