வரலாறு படித்தால் என்ன கிடைக்கும்?

மூணாறு மலையில் ஒரு லயம். கொழுந்து எடுத்துவிட்டு அம்மா வீடு திரும்புகிறார். மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள்.

"அம்மா, காலேஜில் வரலாறு எடுத்துப் படிக்கட்டுமா?"

"செத்துப்போன ராஜாக்கள் கதையைப் படிச்சு என்ன ஆகப்போகுது? அது சோறு போடுமா?"

பாலக்காட்டிலும் இடுக்கியிலும் எல்லைப் பக்கத்து வீடுகள் பலவற்றில் இந்தக் கேள்வி வருகிறது. நியாயமான கேள்விதான். வரலாறு என்பது ராஜாக்கள் கதை மட்டுமா? பாருங்கள்.

எந்த ஆண்டு?

மலையில் பெரியவர்கள் "தொண்ணூற்றொன்பதாம் வருஷ வெள்ளம்" என்று சொல்வார்கள். பிள்ளைகள் அதை 1999 என்று நினைக்கலாம். அது தவறு.

அது கொல்லம் ஆண்டு 1099. கொல்லம் ஆண்டு என்பது கேரளத்தின் பழைய ஆண்டுக் கணக்கு. அது கி.பி. 825இல் தொடங்கியது. 1099உடன் 825ஐக் கூட்டுங்கள். 1924 வரும். அந்தப் பெருவெள்ளம் 1924 ஜூலையில் வந்தது. மூணாறில் அப்போது தேயிலை ஏற்றிச் சென்ற சிறிய ரயில் ஓடியது. வெள்ளம் அதை அழித்துவிட்டது. பிறகு அந்த ரயில் ஓடவே இல்லை.

பெரியவர்கள் சொன்னது உண்மைதான். ஆனால் ஆண்டைச் சரிபார்க்கத் தெரிய வேண்டும். வரலாற்று வகுப்பில் முதலில் கற்பது இதுதான்.

யார் சொன்னது? சாட்சி என்ன?

மறையூரில் கற்பலகைகளால் ஆன சிறு அறைகள் உள்ளன. ஊரார் அவற்றை முனியறை என்பார்கள். முனிவர்கள் தவம் செய்த இடம் என்று கதை உண்டு. அறிஞர்கள் வேறு விதமாகச் சொல்கிறார்கள். இவை இறந்தவர்களின் நினைவாகப் பழங்கால மக்கள் எழுப்பியவை. இதே போன்ற கல் அறைகளை வேறு ஊர்களில் தோண்டினார்கள். அங்கே எலும்பும் பானையும் இரும்புக் கருவிகளும் கிடைத்தன. அவையே சாட்சி.

இன்னொன்று. 1877இல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு வாங்கினார். பூஞ்சாறு அரச குடும்பம் அதைக் கொடுத்தது. அவர் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்கள் யார்? கங்காணிகளோடு மலையேறிய தமிழ்க் கூலிகள் பலர். அதற்கும் முன்பே அங்கே வாழ்ந்தவர்கள் முதுவர்கள். இவர்கள் பெயர்கள் எளிதில் கிடைப்பதில்லை. தோட்டத்துப் பழைய பதிவேட்டிலும் முதியவர்கள் பேச்சிலும் தேட வேண்டும். அப்படித் தேடுவதும் வரலாறுதான்.

வீட்டுக்கு என்ன பயன்?

பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டுத் தோட்டக் குடும்பத்தார் தாலுகா ஆபீசுக்குப் போகிறார்கள். "1950இலேயே உங்கள் குடும்பம் இங்கே இருந்ததா?" என்ற கேள்வி வருகிறது.

ஏன் 1950? அந்த ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் ஓர் ஆணை போட்டார். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியே சாதிப் பட்டியல் வந்தது. பின்னாளில் வேறு மாநிலத்திலிருந்து குடிவந்தவர்கள் புதிய மாநிலத்தில் அந்தச் சலுகையைக் கேட்க முடியாது.

ஆனால் 1950இல் கேரளம் என்ற மாநிலமே இல்லை. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தன. சித்தூரும் அதில்தான் இருந்தது. பக்கத்தில் உள்ள பாலக்காடு நகரமோ மதராஸ் மாநிலத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் கேரளம் பிறந்தது.

அப்படியானால் தாத்தா காலத்துக்கு எந்தத் தாள் சாட்சி? பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு இருக்கலாம். தோட்டத்து ஆள் பதிவேடு இருக்கலாம். கோயில் அல்லது சர்ச்சுப் பதிவு இருக்கலாம். பழைய அரசுத் தாள்களைக் காக்கும் இடம் ஆவணக் காப்பகம். கேரள அரசின் காப்பகங்கள் திருவனந்தபுரத்திலும் எர்ணாகுளத்திலும் கோழிக்கோட்டிலும் உள்ளன. சான்றிதழ் தருவது அதிகாரிதான். ஆனால் எதை, எங்கே தேடுவது என்று வரலாறு படித்த பிள்ளைக்குத் தெரியும்.

வேலை கிடைக்குமா?

பட்டம் வாங்கிய மறுநாளே வேலை வந்துவிடாது. மேலே பி.எட். படித்தால் ஆசிரியர் ஆகலாம். சட்டம் படித்தால் வக்கீல் ஆகலாம். அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வில் வரலாற்றுக் கேள்விகளும் வரும். சுற்றுலா, அருங்காட்சியகம், பத்திரிகை ஆகியவற்றிலும் இந்தப் படிப்பு உதவும். பாலக்காடு அரசு விக்டோரியா கல்லூரியில் வரலாற்றுப் பட்டப் படிப்பு உண்டு. அது 1866இல் பள்ளியாகத் தொடங்கியது. 1888இல் கல்லூரி ஆனது.

மகள் இதையெல்லாம் சொல்லி முடித்தாள். அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"உங்க அப்பாவோட தாத்தா, வெள்ளத்துக்கு அடுத்த வருஷம் மலை ஏறினாராம். உங்க அப்பத்தா சொல்லுவாங்க."

மகள் நோட்டை எடுத்தாள்.

"அப்படின்னா 1925, அம்மா. 1950க்கு 25 வருஷம் முன்னாடி. இதுக்குச் சாட்சி எங்கே இருக்குன்னு தேடணும்."

"தேடு. முதல்ல காலேஜில் சேரு."

பேசிப் பாருங்கள்

1. உங்கள் குடும்பம் இந்த ஊருக்கு எப்போது வந்தது? யாருக்குத் தெரியும்?
2. அதைக் காட்டும் பழைய தாள் எது? அது எங்கே இருக்கிறது?