மின்கிதாருக்கு எந்த மரம்?

சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில், அடையாற்றின் கரையோரம், பிராடி காசில் என்னும் பழைய மாளிகை ஒன்று இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த அந்த மாளிகையில் 1950களிலிருந்து அரசு இசைக் கல்லூரி நடந்து வருகிறது. தமிழிசை இயக்கத்துக்குத் துணை நின்ற அண்ணாமலை செட்டியாரின் பெயரைத் தாங்கிய பகுதியில் இசைக் கல்லூரி அமைந்தது பொருத்தந்தான். வீணை பயிலும் மாணவர் யாரையாவது, நல்ல வீணைக்கு முதலில் வேண்டியது என்ன என்று கேட்டுப் பாருங்கள். “முற்றிய பலா மரம்” என்று உடனே பதில் வரும்.

இப்போது சென்னை இளைஞர்கள் பலர் தமக்கென்று தனியாக மின்கிதார் செய்வித்துக் கொள்கிறார்கள். அவர்கள் கேட்கும் முதற்கேள்வியும் இதுவே: மகாகனியா, தேக்கா, ஈட்டியா? எந்த மரம் இனிய நாதம் தரும்? கையிலுள்ள பணத்தில் பாதியை அரிய மரத்துக்கே கொடுத்துவிட்டு, மிஞ்சியதில் மற்றவற்றை வாங்குகிறவர்களும் உண்டு. வீணைக்கு இது மிகச் சரியான கேள்வி. மின்கிதாருக்கோ இது இரண்டாம் கேள்விதான். ஏன் என்பதைக் காண்போம்.

வீணையின் கம்பி மெல்லியது. அது எவ்வளவு வேகமாக ஆடினாலும் சுற்றியுள்ள காற்றை அதிகம் அசைக்க முடியாது. கத்தியால் விசிறிக்கொள்வது போலத்தான். ஆகவே கம்பியின் அதிர்வு குதிரை வழியாக மேற்பலகைக்கும் குடத்துக்கும் இறங்குகிறது. அகன்ற அந்த மரப்பரப்பு அதிர்ந்து காற்றை அசைக்கிறது. நாம் கேட்பது கம்பியின் ஒலியை அன்று, கம்பியால் அசைக்கப்பட்ட பலாவின் ஒலியை. எந்த அதிர்வை மரம் எளிதாக ஏற்கிறது, எதை விழுங்கிவிடுகிறது என்பதைப் பொறுத்தே வீணையின் குரல் அமைகிறது. ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணைக்குத் தஞ்சையில் இன்றும் தனி மதிப்பு இருப்பதில் வியப்பில்லை.

மின்கிதாரைப் பாருங்கள். உட்கூடு இல்லாத, ஏறக்குறைய 4.5 செ.மீ. கனமுள்ள கெட்டிப் பலகை. மின்சாரம் இல்லாமல் மீட்டினால் அடுத்த அறைக்குக்கூடக் கேட்காது. கம்பிகளுக்கு அடியில் இருக்கும் ‘பிக்கப்’ என்னும் சிறு பெட்டிதான் இதன் காது. அதனுள் ஒவ்வொரு கம்பிக்கும் நேர் கீழே ஒரு காந்தம்; காந்தங்களைச் சுற்றி, தலைமுடி அளவே பருமனுள்ள 0.06 மி.மீ. தாமிரக் கம்பி சுமார் 8,000 சுற்று. காந்தம் தனக்கு மேலுள்ள எஃகுக் கம்பியையும் காந்தமாக்குகிறது. அக்கம்பி ஆடும்போது சுருளினூடே செல்லும் காந்தப்புலம் கூடிக் குறைகிறது. சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1831இல் மைக்கேல் பாரடே கண்ட மின்காந்தத் தூண்டல்தான் இது, வேறொன்றுமில்லை. இந்தச் சிறு மின்னழுத்தத்தைப் பெருக்கி வாங்கிப் பெரிதாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிக்கப் காற்றின் அசைவைக் கேட்பதில்லை. காந்தத்துக்கு வசப்படும் உலோகத்தின் அசைவை மட்டுமே உணர்கிறது. பித்தளை காந்தத்தில் ஒட்டாது அல்லவா? பித்தளைத் தந்தி பூட்டிய வீணையில் இத்தகைய பிக்கப்பைப் பொருத்தினால், எஃகாலான சாரணி கணீரென்று கேட்கும். பித்தளை மந்தரம் ஏறக்குறைய ஊமையாகிவிடும். பித்தளையின் கதியே இதுவென்றால் மரத்தின் குரலை அது நேரடியாகக் கேட்க வழியே இல்லை.

வரலாறும் இதற்குச் சாட்சி கூறுகிறது. வாணிபத்தில் வெற்றி கண்ட முதல் மின்கிதாரை அமெரிக்காவில் ஜார்ஜ் போஷாம்ப் என்பவரும் அடால்ஃப் ரிக்கன்பேக்கரும் 1932இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அதன் உடல் வார்ப்பு அலுமினியம்! வடிவத்தைப் பார்த்து அதற்கு ‘வாணலி’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அண்மைக்காலத்தில் ஜிம் லில் என்னும் அமெரிக்கக் கிதார் கலைஞர் இன்னும் ஒரு படி மேலே சென்றார். உடலும் இல்லை, கழுத்தும் இல்லை. கம்பிகளை அந்தரத்தில் இழுத்துக் கட்டி, அடியில் பிக்கப்பை வைத்து வாசித்துப் பதிவு செய்தார். நல்ல கிதாரின் ஒலிக்கும் அதற்கும் வேறுபாடு காண்பது கடினமாக இருந்தது. ஒருவர் செய்த சோதனையை மட்டும் வைத்து அறிவியல் முடிவு கட்டிவிட முடியாதுதான். ஆனால் மரமே எல்லாம் என்பவர்கள் இதற்கு விடை சொல்லியாக வேண்டும்.

அப்படியானால் மரத்துக்குப் பங்கே இல்லையா? உண்டு. கம்பியின் இரு முனைகளும் முற்றிலும் அசையாதவை அல்ல. ஒரு சுரத்தின் அதிர்வெண் கிதாரின் இயல்பான அதிர்வெண்ணோடு ஒத்துப்போனால், கம்பியின் ஆற்றலை மரம் உறிஞ்சிவிடும். அந்த மெட்டில் மட்டும் ஒலி சட்டென்று மடியும். ஆனால் இந்தக் குறும்பைச் செய்வது பெரும்பாலும் ஒல்லியான கழுத்து; பருத்த உடல் அன்று. கழுத்து விறைப்பாக இருக்கவேண்டும் என்பது இதனால்தான். உடல் மரத்தால் ஒலியில் வரும் மாற்றம் கருவிகளால் அளக்கத்தக்கதாக இருந்தாலும், நாம் இனிக் காணப்போகும் மாற்றங்களின் முன் மிகச் சிறியது.

கெட்டி உடலின் உண்மையான பயன் வேறொன்று. வீணையின் குடம் கம்பியின் ஆற்றலைச் செலவழித்தே ஒலி எழுப்புகிறது. கெட்டிப் பலகை அப்படிச் செலவழிப்பதில்லை. கம்பி நெடுநேரம் ஆடுகிறது. மாண்டலின் ஸ்ரீநிவாஸை (1969–2014) நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரண மாண்டலினில் குட்டையான இரட்டைக் கம்பிகள். நாதம் உடனே தேய்ந்துவிடும். அவர் கெட்டி உடல் மின்மாண்டலினை எடுத்து, இரட்டைக் கம்பிகளை ஒற்றையாக்கி, ஐந்தாவது கம்பியும் சேர்த்தார். கமகம் இழுத்து முடியும்வரை நாதம் காத்திருந்தது.

இனி முதற்கேள்விக்கு வருவோம். பிக்கப்பை எங்கே வைப்பது? இழுத்துக் கட்டிய கம்பி முழுதாக ஆடும்போதே இரண்டாக, மூன்றாக, நான்காகப் பிரிந்தும் ஆடுகிறது. இவ்வாறு பிறக்கும் மேற்சுரங்களின் கலவையே ஒலியின் தன்மை. கம்பியின் நீளம் 648 மி.மீ. என்று கொள்வோம். குதிரையிலிருந்து 162 மி.மீ. தூரத்தில், அதாவது கால் பங்கில், பிக்கப்பை வைத்தால், மெட்டு அழுத்தாத கம்பியில் நான்காம் மேற்சுரத்தின் கணு சரியாக அங்கே விழும். கணுவில் அசைவில்லை, எனவே அச்சுரம் பிக்கப்புக்கு எட்டாது. அடிப்படைச் சுரம் ஓங்கி, குரல் உருண்டையாக இருக்கும். குதிரைக்கு 40 மி.மீ. அருகே நகர்த்தினால் அடிப்படைச் சுரத்தின் வீச்சு அங்கே நடுக்கம்பியில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மேற்சுரங்கள் முந்திக்கொண்டு ஒலி கூர்மையாகும். மரம் அதேதான், கம்பியும் அதேதான். சில விரற்கடை நகர்ந்தால் கருவியே வேறாகிவிடுகிறது!

(வீணையில் இக்கணக்கு அப்படியே செல்லாது. மீட்டும் இடத்தில் கணு விழும் மேற்சுரமும் வீணையிலும் தம்புராவிலும் கேட்கிறது என்பதை 1921இல் சி. வி. ராமன் எடுத்துக்காட்டினார். அகன்று வளைந்த குதிரையின் வேலை அது.)

அடுத்தது, எத்தகைய பிக்கப்? ஒற்றைச் சுருள் பிக்கப் தெளிவாகப் பாடும். ஆனால் சுற்றுப்புறத்தின் காந்தப்புலத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி. விசிறி, இன்வெர்ட்டர், பழைய குழல்விளக்கின் சோக் எல்லாம் ஒன்றுகூடி ‘உர்ர்’ என்று உறுமும். 1955இல் கிப்சன் நிறுவனத்துப் பொறியாளர் சேத் லவர் இதற்கு வழி கண்டார். இரண்டு சுருள்கள், காந்தமுனைகள் எதிரெதிர், சுற்றும் திசையும் எதிரெதிர். வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்; கம்பியின் ஒலியோ இரட்டிப்பாகும். நெருக்கமான அடுக்குமாடிக் குடியிருப்பில் வாசிப்பவருக்கு இதுவே நல்லது என்பது என் கருத்து.

சுருளுக்குத் தூண்டல் திறன் உண்டு. பெருக்கிக்குச் செல்லும் வடத்துக்கு மின்தேக்குத்திறன் உண்டு. இரண்டும் சேர்ந்தால் ஓர் ஒத்ததிர்வு தோன்றும். அந்த அதிர்வெண்ணில் ஒலி மேலெழும்பி, அதற்கு அப்பால் விரைவாகத் தாழும். ஒற்றைச் சுருளுக்கு 2.5 ஹென்றி, வடத்துக்கு மீட்டருக்கு 100 பிக்கோஃபாரடு, சுருளுக்குச் சொந்தமாக இன்னொரு 100 என்று வைத்துக் கணக்கிடுங்கள். 5 மீட்டர் வடத்தில் ஒத்ததிர்வு சுமார் 4,100 ஹெர்ட்ஸ். 10 மீட்டர் வடமானால் சுமார் 3,000க்கு இறங்கிவிடும். 4.5 ஹென்றி உள்ள இரட்டைச் சுருளில் 5 மீட்டர் வடத்தோடு கிடைப்பதும் ஏறக்குறைய அதே 3,000தான். நம் காது மிகக் கூர்மையாக இருக்கும் பகுதி இது. வடத்தின் நீளம் செய்யும் மாற்றத்தை, விலையுயர்ந்த மரத்தைத் தேடி அலைபவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

மரத்தை வேறு காரணங்களுக்காகத் தேர்ந்தெடுங்கள். முதலாவது எடை. குடைவதற்கு முன் கிதார் உடலின் பருமன் சுமார் 4 லிட்டர். மகாகனியில் செய்தால் ஏறத்தாழ 2.3 கிலோ, தேக்கில் 2.6, ஈட்டியில் 3.3. கழுத்தும் உலோகப் பாகங்களும் சேர்ந்தபின் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் நிற்கப்போகிறவர் நீங்கள்.

இரண்டாவது ஈரம். கடலும் ஆறும் அருகிலுள்ள ராஜா அண்ணாமலைபுரத்தில் திறந்த அறையில் கிடக்கும் மரம் தன் எடையில் 14 விழுக்காடு வரை நீரை வைத்துக்கொள்ளும். குளிர்சாதன அறையில் அது 9 விழுக்காட்டுக்கு அருகே இறங்கும். இவ்வளவு மாற்றத்துக்கு, மேற்பூச்சு இல்லாத 32 செ.மீ. அகலத் தேக்குப் பலகை 2 முதல் 3 மி.மீ. வரை சுருங்கலாம். ஆகவே எந்த மரம் என்பதைவிட எவ்வளவு நன்றாக உலர்ந்த மரம் என்பதே முக்கியம். இடிக்கப்பட்ட பழைய வீடுகளின் தேக்கு உத்தரமும் கதவும் சென்னையில் விலைக்குக் கிடைக்கின்றன. பல பத்தாண்டுகள் இதே காற்றில் பழகிய மரம். ஆணி ஒளிந்திருக்கிறதா என்று மட்டும் ஒரு காந்தத்தால் தடவிப் பார்த்துவிடுங்கள்.

ஈட்டியைப் பற்றி ஒரு சொல். 1960களின் இறுதியில் பிரேசில் நாட்டு ஈட்டிக் கட்டைகள் கிடைப்பது அரிதானபோது, அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1969இல் நம் நாட்டு ஈட்டிக்கு மாறியது. மற்றவர்களும் தொடர்ந்தார்கள். நம் மலைகளில் மெதுவாக வளரும் இம்மரம் குறைந்துகொண்டே வர, 1990களில் தமிழ்நாட்டில் அதற்கெனத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. 2017 முதல் ஈட்டி இனங்கள் அனைத்தும் பன்னாட்டு வாணிபக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. விரல் ஓயாமல் உராயும் மெட்டுப் பலகைக்கு 6 மி.மீ. கனத்தில் ஒரு துண்டு ஈட்டி இருந்தால் நியாயம் உண்டு. பிக்கப்பின் காதில் விழாத உடலுக்காக 4 லிட்டர் ஈட்டியைச் செலவிடுவதற்கு எந்த நியாயமும் எனக்குப் புலப்படவில்லை.

கருநாடக இசை வாசிக்கப் போகிறீர்களானால் தச்சரிடம் இன்னும் இரண்டு சொல்லுங்கள். கமகத்துக்காகக் கம்பியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது அது தன் காந்தத்தை விட்டு விலகும், ஒலி தளரும். தனித்தனிக் காந்தமுனைகளுக்குப் பதில் ஒரே நீண்ட பட்டை உள்ள பிக்கப்பில் இக்குறை இராது. பிக்கப்புக்கான குழியைச் சற்றே பெரிதாகக் குடையச் சொல்லி, உட்புறம் தாமிரத் தகடு ஒட்டி, அதைத் தரைக்கம்பியோடு இணைக்கச் சொல்லுங்கள். பின்னால் வேறு பிக்கப்பை மாட்டிப் பார்க்க இடம் இருக்கும். உறுமலும் ஓரளவு அடங்கும்.