ஏகாதசி நிர்ணயத்தில் உதயமும் தேசமும்

திதி என்பது வானத்துக்குரியது. உதயம் என்பது பூமிக்குரியது. சந்த்ரன் சூரியனை விட்டு 12 பாகை விலகுந்தோறும் ஒரு திதி கழிகிறது. பூமியின் மையத்திலிருந்து நோக்கியதாகவே இவ்விலக்கம் கணிக்கப்படுவதால், தசமி முடியும் க்ஷணம் உலகம் முழுவதற்கும் ஒன்றே. உதயமோ அவ்வாறன்று. நிற்பவனுடைய க்ஷிதிஜத்தைச் சூரியன் தொடும் வேளை அது, ஊர்தோறும் மாறும். வ்ரதநாளோ இவ்விரண்டையும் சேர்த்தே பிறக்கிறது. உதயத்துக்கு முன் நான்கு நாழிகையாகிய அருணோதயத்தில் தசமி கலந்தால் அவ்வேகாதசி வித்தை என்று விலக்கி, மறுநாள் உபவஸிப்பதன்றோ வைஷ்ணவ ஸம்ப்ரதாயம்? ஆகவே வானத்து அளவைப் பூமியின் அளவாக மாற்றும் கணிதமின்றி இந்நிர்ணயம் நிறைவேறாது.

ஸூர்ய ஸித்தாந்தத்தின் மூன்றாம் அதிகாரத்துக்கு த்ரிப்ரச்நாதிகாரம் என்று பெயர். திக்கு, தேசம், காலம் என்னும் மூன்று வினாக்களுக்கு விடை சொல்வதால் வந்த பெயர் அது. தேசத்தை அறிய அது கொள்ளும் கருவி மிக எளியது: 12 அங்குலச் சங்கு. பகலும் இரவும் ஒத்திருக்கும் நாளில் நடுப்பகலில் அதன் நிழல் எத்தனை அங்குலமோ அதுவே அவ்வூரின் பலபை. ஸ்ரீரங்கம் அக்ஷம் ஏறத்தாழ 10 பாகை 52 கலையில் உள்ளது. அதன் பலபை 2 அங்குலம் 18 வ்யங்குலம். திருப்பிரிதி என்று பெரும்பாலோர் கொள்ளும் ஜோஷிமட் 30 பாகை 33 கலையில் உள்ளது. அங்கே பலபை 7 அங்குலத்துக்குச் சற்று மிகும்.

இந்த நிழலிலிருந்து சரம் பெறப்படுகிறது. நிரக்ஷ தேசத்து உதயத்துக்கும் தன்னூர் உதயத்துக்கும் உள்ள வேறுபாடே சரம். பலபையை 10, 8, 3⅓ ஆகியவற்றால் தனித்தனியே பெருக்கினால் மூன்று ராசிகளுக்குரிய சரகண்டங்கள் விநாழிகையாகக் கிடைக்கும் என்பது கரண நூல்களின் முறை. மூன்றையும் கூட்டினால் அயநாந்தத்தில் ஸ்ரீரங்கத்துக்கு 49 விநாழிகை, அதாவது சுமார் 20 நிமிஷம். ஜோஷிமட்டுக்கு 151 விநாழிகை, அதாவது ஒரு மணி. சூரியனின் பரமக்ராந்தியை 24 பாகையாகக் கொண்ட கணக்கு இது. இன்று அது 23 பாகை 26 கலையாயினும் ஓரிரு நிமிஷத்துக்கு மேல் வேறுபாடு நேராது. ஒரு குச்சியின் நிழலைக்கொண்டு இத்தனை நுட்பத்தை எட்டியது வியக்கத்தக்கதே.

மார்கழி 6, 7 தேதிகளில் தக்ஷிணாயநம் முடியும் வேளையை எடுத்துக்கொள்வோம். ஸ்ரீரங்கத்தில் அவ்வூர்ச் சூரியகாலப்படி உதயம் 6 மணி 20 நிமிஷம், அருணோதயம் 4.44. ஜோஷிமட்டில் உதயம் தன்னூர்க் காலப்படி 7 மணி. அவ்வூர் ஸ்ரீரங்கத்துக்குக் கிழக்கே ஒரு பாகைக்கும் குறைவாகவே இருப்பதால் தேசாந்தரம் மூன்றரை நிமிஷமே. ஸ்ரீரங்கத்துக் காலத்தில் சொன்னால் அங்கே உதயம் 6.57, அருணோதயம் 5.21. அன்று தசமி ஸ்ரீரங்கத்துக் காலப்படி 5 மணிக்கு முடிவதாக வைத்துக்கொண்டால், ஸ்ரீரங்கத்தில் ஏகாதசி வித்தை, மறுநாளே உபவாஸம். ஜோஷிமட்டிலோ அது சுத்தை, அன்றே உபவாஸம். (திதியை வாக்யத்தால் கொள்வதா, திருக்கணிதத்தால் கொள்வதா என்பது வேறு வாதம். எதைக் கொண்டாலும் இவ்வேறுபாடு நிற்கும்.)

இங்கே ஓர் ஆசங்கை எழலாம்: திவ்யதேசங்களுள் தலையாய ஸ்ரீரங்கத்தில் கொண்ட நாளை எல்லாரும் கொள்வதே ஒற்றுமைக்கு அழகன்றோ? சாஸ்த்ரம் அருணோதயம் என்று சொல்லும்போது அநுஷ்டிப்பவன் நிற்கும் இடத்து அருணோதயத்தையே சொல்கிறது. ஸந்த்யாவந்தநத்தை வேற்றூர் உதயம் பார்த்து ஒருவரும் செய்வதில்லை. ஏகாதசிக்கு மட்டும் வேறு ந்யாயம் கற்பிப்பது பொருந்தாது. பஞ்சாங்கத்திலிருந்து திதியின் முடிவைக் கடன் வாங்கலாம். உதயத்தைக் கடன் வாங்கலாகாது. கடல்கடந்து வாழும் அடியார்கள் இதை மறந்தால் பிழை நிமிஷக் கணக்கில் நில்லாது.

இனி அயநாம்சம். வானத்திலேயே அளவைத் தொடக்கம் இரண்டு: நக்ஷத்ரங்களைப் பற்றிய நிரயநம், விஷுவத்தைப் பற்றிய ஸாயநம். மாதமும் நக்ஷத்ரமும் முன்னதால் வருவன. சரமோ ஸாயந சூரியனாலேயே வரவேண்டும். இன்று இரண்டுக்கும் இடைவெளி சுமார் 24 பாகை. இதைக் கூட்டாமல் கணித்தால் அயநாந்தத்தை ஒட்டிப் பிழை சிறிதாகவே தோன்றும். ஆனால் பங்குனி 7ஐ ஒட்டிய விஷுவத்தில் அதே கவனக்குறைவு ஸ்ரீரங்கத்து உதயத்தை 7 நிமிஷமும், ஜோஷிமட் உதயத்தை 22 நிமிஷமும் பிறழச் செய்யும்.

இக்கால வானநூலார் செய்வதும் இந்த மாற்றமே. 1998 முதல் ஸர்வதேச வானியல் ஒன்றியம் அதிதூர க்வேஸார்களைப் பற்றிய வானச் சட்டத்தைக் கொண்டுள்ளது. அதிலிருந்து பூமியோடு சுழலும் சட்டத்துக்கு வர, முதலில் அச்சின் அயநசலநத்தையும் அதன் சிறு அசைவையும், பிறகு பூமி சுழன்ற கோணத்தையும், கடைசியாக த்ருவம் பூமியின் மேற்பரப்பில் சில மீட்டர் அலைவதையும் கணக்கிடுகிறார்கள். முதலிரண்டும் அயநாம்சமும் இஷ்டகாலமும் நின்ற இடத்தில் நிற்பவை. மூன்றாவது வ்ரதநிர்ணயத்துக்கு வேண்டாத நுட்பம்.

உத்தராயணம் முடியும் ஆனி 7ஐ ஒட்டி நிலை தலைகீழாகும். அப்போது ஸ்ரீரங்கத்துக் காலப்படி ஜோஷிமட்டில் அருணோதயம் 3.20, ஸ்ரீரங்கத்தில் 4.04. தசமி 3.40க்கு முடிந்தால் ஸ்ரீரங்கத்தில் அன்றே உபவாஸம். ஜோஷிமட்டில் இருப்பவர் மறுநாளே உபவஸிக்க வேண்டும்.