இடைவேளை மணிக்கும் பெட்டிக்கடைக்கும் நடுவே

பள்ளியில் காலை இடைவேளை பெரும்பாலும் பத்து நிமிடம்தான். கழிப்பறை, தண்ணீர், தின்பண்டம் மூன்றையும் அதற்குள் ஒரு பிள்ளை முடித்தாக வேண்டும். வாசலுக்கு எதிரே பெட்டிக்கடை. ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்குகின்றன, பக்கத்தில் குளிர்ந்த கலர் பாட்டில்கள். கேட் பூட்டியிருந்தால் கம்பிக்கு இடையே காசு வெளியே போகிறது, பாக்கெட் உள்ளே வருகிறது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த இந்தச் சரக்கைப் பள்ளி வளாகத்திலோ, வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் பள்ளிப் பிள்ளைகளுக்கோ விற்கக் கூடாது என்று விதி இருக்கிறது. டெல்லி உயர் நீதிமன்றத்தில் 2010-ல் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில் தொடங்கி, 2015-ல் தீர்ப்பாகி, 2020-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் அறிவிக்கையாக வந்த விதி அது. அந்தப் பத்து நிமிடத்தில் அது கண்ணில் படுவதில்லை. சோதனை போதவில்லை, அதிகாரிகள் போதவில்லை என்று காரணம் சொல்கிறோம். எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் தெரிகிறது. பிள்ளையைக் கடைக்கு அனுப்புவது தாகமும் பசியும். அவற்றுக்குப் பள்ளிக்குள்ளேயே விடை வைக்காமல் வெளியே போடும் தடை எப்படி நிலைக்கும்?

சர்க்கரையை உணவுவழி ஆற்றலில் பத்து சதவீதத்துக்குள் நிறுத்த வேண்டும், ஐந்து சதவீதத்துக்குள் நிறுத்தினால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து சதவீதம் என்பது பெரியவர்களுக்கே நாளைக்குச் சுமார் 25 கிராம். 300 மில்லி கோலா ஒன்றிலேயே 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. 'நம் பிள்ளைகள் மெலிந்து கிடக்கிறார்கள், கிடைத்ததைச் சாப்பிடட்டுமே' என்பவர்கள் உண்டு. அந்தக் கவலை நியாயமானது. 2016 முதல் 2018 வரை நாடெங்கும் நடந்த குழந்தைகள் ஊட்டச்சத்து ஆய்வில், 10 முதல் 19 வயதுள்ளவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் உயரத்துக்கேற்ற எடையில்லாதவர்கள், நூற்றுக்கு 28 பேர் ரத்தசோகை உள்ளவர்கள். அதே ஆய்வு, இதே வயதினரில் பத்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை தெரிவதாகவும் சொன்னது. மெலிந்த உடம்பும் சர்க்கரை ஏறிய ரத்தமும் ஒரே தலைமுறையில், சில வேளை ஒரே வீட்டில் இருக்கின்றன. பாக்கெட் தின்பண்டம் இரண்டையும் மோசமாக்குகிறது. வயிற்றை நிரப்புகிறது, இரும்பும் புரதமும் தருவதில்லை. பத்தே முக்காலுக்கு அதைத் தின்ற பிள்ளைக்கு மத்தியானச் சோறும் இறங்காது.

தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும். மொட்டை மாடியில் வெயிலில் காயும் பிளாஸ்டிக் தொட்டி, மூடி பாதி திறந்தபடி. கீழே வரிசையாக ஆறு குழாய், அதில் நான்கில்தான் தண்ணீர். பங்குனி வெயிலில் குழாயைத் திறந்தால் கை சுடும். இப்படிப்பட்ட பள்ளியில் குளிர்ந்த பாட்டிலை நாடும் பிள்ளையைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். கழிப்பறையில் தண்ணீர் இல்லை, தாழ்ப்பாள் இல்லை என்றால், காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வீடு திரும்புவதை அவர்கள் பழக்கமாக்கிக்கொள்கிறார்கள். தண்ணீர் குடிக்க நினைவூட்டும் மணியைக் கேரளம் 2019-ல் அடிக்கத் தொடங்கியது, தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் 2025-ல் அது வந்தது. நல்ல காரியம். ஆனால் மணி அடித்ததும் குடிக்கத் தகுந்த தண்ணீரும், பிறகு போகத் தகுந்த கழிப்பறையும் இருக்க வேண்டும்.

தண்ணீர் அவ்வளவு பெரிய மருந்தா என்று கேட்கலாம். நியூயார்க் நகரப் பள்ளிகளின் உணவுக்கூடங்களில் குளிர்ந்த தண்ணீர் தரும் எந்திரங்களை வைத்து, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் எடைப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். முடிவு 2016-ல் வெளியானது. எந்திரம் வந்த பள்ளிகளில் அதிக எடைக்கான வாய்ப்பு ஆண் பிள்ளைகளுக்கு 0.9 சதவீதப் புள்ளியும் பெண் பிள்ளைகளுக்கு 0.6 புள்ளியும் குறைந்திருந்தது. சிறிய குறைவுதான், அதைப் பெரிதாக்கிச் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் அது எந்தப் பிள்ளையையும் தடுக்காமல், திட்டாமல், குழாயை மட்டும் சரிசெய்து கிடைத்த பலன். ஜெர்மனியின் டார்ட்மண்ட், எசன் நகரங்களில் தொடக்கப் பள்ளிகளில் குடிநீர்க் குழாய்களோடு சில பாடங்களையும் சேர்த்தபோது பலன் கூடுதலாகவே இருந்தது.

அடுத்தது பசி. இதில் தமிழ்நாட்டுக்கு யாரும் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. காமராஜர் 1956-ல் விரித்த மதிய உணவு, எம்.ஜி.ஆர். 1982-ல் தொடங்கிய சத்துணவு, பிறகு வந்த முட்டை, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவு என்று அரசு மாறினாலும் அடுப்பு அணையவில்லை. காலை உணவு வந்த பள்ளிகளில் வருகை கூடியதை மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வும் காட்டியது. ஆனால் காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது, சத்துணவு பத்தாம் வகுப்போடு. பேருந்தைப் பிடிக்க ஏழு மணிக்கே வெறும் வயிற்றோடு கிளம்பும் எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு மதியம் வரை எதுவும் இல்லை. சிறப்பு வகுப்பு என்று மாலை ஆறு மணி வரை உட்கார்ந்திருக்கும் பிளஸ் டூ மாணவனைப் பற்றி எந்தப் பட்டியலும் பேசவில்லை. கையில் கொஞ்சம் காசும் நீண்ட பசியும் உள்ள வயது இதுதான். பெட்டிக்கடையின் நல்ல வாடிக்கையாளர்கள் இவர்கள்.

கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் காலையிலேயே வந்து பள்ளியிலேயே சமைக்கிறார்கள். சத்துணவுக் கூடம் உயர்நிலைப் பள்ளிகளிலும் இருக்கிறது. பாத்திரம் இருக்கிறது, கொண்டைக்கடலையும் பாசிப்பயறும் சத்துணவுக்கு ஏற்கெனவே வருகிற பொருள்கள். இரவு ஊறவைத்த கடலையை வேகவைத்து, கடுகு தாளித்து, இடைவேளைக்கு ஒரு கைப்பிடிச் சுண்டல் கொடுப்பது பெரிய சமையல் வித்தை அல்ல. அந்தப் பெண்களின் கூடுதல் வேலைக்குக் கூடுதல் ஊதியம் தர வேண்டும், அதைச் சொல்லாமல் இந்த யோசனையை முன்வைப்பது நேர்மையாகாது. பன்னிரண்டாம் வகுப்பு வரை முழுச் சாப்பாட்டை நீட்ட அரசால் இப்போது முடியாதென்றால், இடைவேளைச் சுண்டலாவது அதுவரை போகட்டும்.

பிள்ளைகளின் நாக்கைக் கேட்காமல் செய்தால் எதுவும் எடுபடாது. இங்கிலாந்தில் பள்ளிச் சாப்பாட்டைத் திருத்தும் வேலை சூடுபிடித்திருந்த 2006-ல், தெற்கு யார்க்‌ஷயரில் ஒரு பள்ளியின் வேலி வழியே தாய்மார்களே பர்கரும் வறுவலும் கொடுத்தார்கள். புதுச் சாப்பாடு பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை, வரிசை நீளம் என்பது அவர்களின் புகார். அதே திருத்தம் முன்னேற்பாட்டோடு நடந்த லண்டன் கிரீனிச் பகுதியில் தேர்வு முடிவுகள் உயர்ந்தன, உடல்நலக்குறைவு போன்ற காரணங்களால் எடுக்கும் விடுப்பு சுமார் 14 சதவீதம் குறைந்தது என்று பொருளாதார ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். சுண்டலில் மாங்காய்த் துருவல் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால் போடத்தான் வேண்டும்.

வாசலில் கூடை வைத்திருக்கும் பாட்டியின் பிழைப்பு என்னாகும் என்ற கேள்வியை எளிதாகத் தள்ள முடியாது. அவர் விற்பது கொய்யா, நெல்லிக்காய், வேகவைத்த கடலை, மரவள்ளிக்கிழங்கு. விதி தடுப்பது இவற்றை அல்ல. பாட்டியின் வியாபாரத்தை உண்மையில் குறைத்தது விளம்பரத்தோடு வந்த பத்து ரூபாய் பாக்கெட்தான். சோதனைக்குப் போகிறவர்கள் கூடையைத் தூக்கி எறியாமல், ஈ மொய்க்காத மூடியும் கை கழுவத் தண்ணீரும் அவருக்குக் கிடைக்கச் செய்தால் விதி அவருக்கும் துணை நிற்கும். 'எதைத் தின்பதென்று தீர்மானிப்பது பெற்றோரின் உரிமை' என்ற வாதமும் உண்டு. வீட்டில் அது உரிமைதான், மறுக்கவில்லை. பள்ளிக்கு வருவது பிள்ளையின் விருப்பம் அல்ல, கட்டாயம். கட்டாயமாக உட்கார வைத்த இடத்தில் எதை விற்க விடுகிறோம் என்பதற்கு வைத்தவர்கள் பொறுப்பு.

தனியார் பள்ளிகளில் பிரச்சினை வேறு. கேன்டீன் ஒப்பந்தக்காரர் அதிக வாடகை கட்டினால், அதிக லாபம் தரும் சரக்கைத்தான் அடுக்குவார். சர்க்கரை அளவைக் காட்டும் பலகைகளை வைக்கும்படி 2025 மே மாதம் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளுக்குச் சொன்னது. பலகைக்குக் கீழேயே கோலா விற்றால் பிள்ளை எதை நம்பும்? வாடகையைக் குறைத்து, என்ன விற்கலாம் என்ற பட்டியலை ஒப்பந்தத்திலேயே எழுதுவது நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. சிலி நாட்டில் 2016 முதல் சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பாக்கெட்டின் முகத்தில் கறுப்பு எண்கோண முத்திரை உண்டு. முத்திரை விழுந்ததைப் பள்ளியில் விற்க முடியாது, பிள்ளைகளைக் குறிவைத்து விளம்பரமும் செய்ய முடியாது. முத்திரை பெற்ற பானங்களை மக்கள் வாங்குவது ஒன்றரை ஆண்டில் ஏறக்குறைய 24 சதவீதம் குறைந்தது. எதைத் தடுக்க வேண்டும் என்பது அங்கே கடைக்காரருக்கும் ஆயாவுக்கும் பார்த்ததும் தெரிகிறது. இங்கே பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துக் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

அரசுப் பள்ளிகளில் இந்த வேலைக்குப் புதிய அமைப்பு எதுவும் வேண்டாம். கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரே பெரும்பான்மை, அதிலும் பாதிக்குக் குறையாமல் பெண்கள். தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள், பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, காலை உணவில்லாத வகுப்புகளில் எத்தனை பேர் வெறும் வயிற்றோடு வருகிறார்கள் என்று அவர்கள் அடுத்த கூட்டத்திலேயே கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதலாம். 50 மீட்டர் விதியைச் சொல்லும் அறிவிப்புப் பலகையை வாசலில் வைப்பதும் பள்ளியின் கடமை. அதையும் அதே கூட்டத்தில் முடித்துவிடலாம்.