கோப்புச் சர்வரில் நுழையத் தக்கவர் யாவர்?

கணிப்பொறிகளுக்கிடையே கோப்புகளை அனுப்பும் எஃப்.டி.பி. நெறிமுறையின் முதல் வரைவை, கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற அபய் பூஷண் 1971-இல் அமெரிக்காவில் எழுதினார். மறைகுறியாக்கம் சேர்க்கப்படாவிடில், இம்முறையில் கடவுச்சொல் வெளிப்படையாகவே செல்கிறது. ஆதலால் சர்வரில் கணக்குடைய அனைவரையும் இவ்வழியே நுழைய விடுதல் தகாது.

கட்டுப்பாட்டிற்கு இருவகைப் பட்டியல்கள் உண்டு. விலக்குப் பட்டியலில் உள்ளோர் தடுக்கப்படுவர், ஏனையோர் நுழையலாம். அனுமதிப் பட்டியலில் உள்ளோர் மட்டுமே நுழையலாம். புதுக்கணக்கு ஒன்றைப் பட்டியலில் சேர்க்க மறந்தால், முன்னதில் கதவு திறந்தே கிடக்கும். பின்னதில் மூடியே இருக்கும். எனவே பின்னதே பாதுகாப்பானது.

லினக்ஸில் வழங்கும் வி.எஸ்.எஃப்.டி.பி.டி. நிரலில் இரண்டிற்கும் பட்டியல் ஒன்றே. அமைப்புக் கோப்பில் ‘யூசர்லிஸ்ட்_எனேபிள்’ என்பதற்கு ‘எஸ்’ எனக் குறித்தால் பட்டியல் செயற்படும். ‘யூசர்லிஸ்ட்_டினை’ என்பதற்கு ‘நோ’ எனக் குறித்தால் அது அனுமதிப் பட்டியலாகும். இவ்விரண்டாவது குறிப்பை விட்டுவிட்டால் அது விலக்குப் பட்டியலாகவே இயங்கும். அனுமதிக்க எண்ணியவரே தடுக்கப்பட்டு, மற்றவர் உட்புகுவர். இப்பட்டியலால் தடுக்கப்படுவோரிடம் கடவுச்சொல் கேட்கப்படுவதே இல்லை. ஆதலின் அது வெளிப்படவும் இடமில்லை.

மாற்றம் செய்தபின் சர்வர் நிரலை மீண்டும் தொடக்கி, பட்டியலில் உள்ள ஒரு பெயரையும் இல்லாத ஒரு பெயரையும் கொண்டு சோதித்தல் வேண்டும். பணியிலிருந்து நீங்கியோர் பெயரை அன்றே அகற்றுதல் நன்று.